பழைய ரேஸ் காருக்குப் புது பேரிங்... நம்பரை மட்டும் நம்பலாமா?

கோவைக்கும் கார் பந்தயத்துக்கும் பல வருட பந்தம். மாருதி 800 இன்ஜினை வைத்து 'ஃபார்முலா மாருதி' காரை உருவாக்கிய கரிவரதன் கோவைக்காரர். செட்டிபாளையத்தில் இருக்கும் 'கரி மோட்டார் ஸ்பீட்வே' அவர் பெயரைத் தாங்கியதுதான்.

அப்படி ஒரு பழைய ரேஸ் கார், அன்னூர் பட்டறை ஒன்றுக்கு வருகிறது என வைத்துக்கொள்வோம். கியர்பாக்ஸில் பேரிங் தேய்ந்து 'கரகர' சத்தம். கம்பெனி கொடுத்த கையேடும் கையில் இல்லை. சரியான பேரிங்கை எப்படிக் கண்டுபிடிப்பது?

நம்பர் சொல்லும் கணக்கு

முதலில் பேரிங்கைத் துடைத்து, பக்கவாட்டில் பொறித்திருக்கும் எண்ணைப் படிக்க வேண்டும். உதாரணமாக, 6205. முதலில் வரும் 6, அது சாதாரண பால் பேரிங் என்கிறது. கடைசி 05-ஐ 5-ஆல் பெருக்கினால் 25. அதுதான் மில்லிமீட்டரில் உள்விட்டம். (04-ல் இருந்துதான் இந்தக் கணக்கு செல்லும்.) 6305-க்கும் உள்விட்டம் 25 மி.மீ-தான். ஆனால், 6205-ன் வெளிவிட்டம் 52 மி.மீ, 6305-க்கோ 62. ஒரு எண் மாறினால் பேரிங்கே மாறிவிடும்!

எண் அழிந்துபோயிருந்தால்?

வெர்னியர்தான் துணை. உள்விட்டம், வெளிவிட்டம், அகலம் மூன்றையும் அளக்க வேண்டும். பழைய இங்கிலாந்து கார்களில் அங்குல அளவு பேரிங்குகளும் உண்டு. ஒரு அங்குலம் என்பது 25.4 மி.மீ. 0.4 மி.மீ-தானே என்று ஷாஃப்ட்டைத் தேய்த்து 25 மி.மீ பேரிங்கை நுழைத்தால், கிடைப்பதற்கரிய ஷாஃப்ட்டும் வீண்.

எண்ணுக்குப் பின்னால் கவனம்

எண்ணுக்குப் பிறகு 'சி3' என்று இருந்தால், உள்ளே குண்டுகளுக்கு வழக்கத்தைவிடக் கூடுதல் இடைவெளி என்று அர்த்தம். கியர்பாக்ஸ் சூடாகும்போது உலோகம் விரியும். அந்த இடைவெளி இல்லாவிட்டால் பேரிங் இறுகிவிடும். 'என்ஆர்' என்றால் வெளிவளையத்தில் லாக் ரிங்கும் அதற்கான பள்ளமும் உண்டு. அது இல்லாத பேரிங்கைப் போட்டால், இருக்கும் இடத்தைவிட்டு நகர்ந்துவிடலாம்.

சீலிங் ஃபேனில் தவறான பேரிங் போட்டால் சத்தத்தோடு போய்விடும். ரேஸ் கார் அப்படியல்ல. முழு வேகத்தில் கியர்பாக்ஸ் இறுகினால் சக்கரங்களும் பூட்டிக்கொள்ளும். ஓட்டுபவரின் உயிருக்கே ஆபத்து.

அதனால் 'அளவு சரியா இருக்குங்க' என்று கடைக்காரர் சொன்னாலும், எண், எழுத்து, பள்ளம் என எல்லாவற்றையும் பழசோடு வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள். புதுசு பொருந்தி, வண்டி ஓடிப் பார்க்கும் வரை பழைய பேரிங்கைத் தூக்கிப்போட்டுவிடாதீர்கள்!