கயிறு மாறுமுன்

வாதவூரர் கதையை அறியாத தமிழ் மாணவர் இலர். அரிமர்த்தன பாண்டியன் குதிரை வாங்கிவருமாறு பொன் கொடுத்து அனுப்பினான்; பொன் திருப்பெருந்துறையிலே கோயிற் பணியாயிற்று; நரிகள் பரிகளாகி மதுரைக்கு வந்தன. அன்றிரவே அவை பழையபடி நரிகளாகி, பந்தியில் நின்ற மற்றைக் குதிரைகளையும் கடித்துவிட்டு ஓடின. இக்கதையைப் பரஞ்சோதி முனிவர் திருவிளையாடற் புராணத்தில் விரித்துரைக்குமிடத்தே சிறிய செய்தி ஒன்று வருகின்றது. வகுப்பறையில் நாம் அதனை விரைந்து கடந்துவிடுகின்றோம். குதிரை வணிகராய் வந்த இறைவர் பரிகளை ஒப்புவிக்கும்போது 'கயிறு மாறுதல்' என்னும் வணிக முறையைக் கைக்கொள்கின்றார். விற்பவன் கைக் கயிறு வாங்குபவன் கைக்கு மாறியபின் பரி என்னவாயினும் விற்றவன் பொறுப்பல்லன். பாண்டியன் கண்டு களித்தான், கயிறு மாறிற்று, பின்னரே இரவு வந்தது.

இன்று நம்மூரில் கயிறு மாறுவது வாகன உரிமைமாற்றப் படிவத்தில் ஒப்பமிடும் கணத்திலேயாம். பண்டிதனுக்கும் மோட்டார்க் காருக்கும் என்ன தொடர்பு என்று வாசகர் வினவக்கூடும். நெடுங்கேணிக்கு அயலிலுள்ள பாடசாலையொன்றில் கணிதம் கற்பிக்கும் இளைஞர் ஒருவர், மனைவியின் நகையை ஈடுவைத்தும் சீட்டுப் பணத்தைச் சேர்த்தும், 2013ஆம் ஆண்டு யப்பானில் உருவான டொயோட்டா அக்குவா ஒன்றை வாங்கினார். நிறம் நன்று, இருக்கை நன்று, ஓசையோ இல்லவே இல்லை. நான்காம் மாதத்தில், புளியங்குளத்திலிருந்து நெடுங்கேணி நோக்கி வரும் வீதியில், பொழுதுபடும் வேளையில், எச்சரிக்கை விளக்கு ஒளிர்ந்து வண்டி தளர்ந்து நின்றுவிட்டது. காட்டோரம்; யானை நடமாடும் இடம்; காரினுள்ளே மனைவியும் கைக்குழந்தையும். பிறகு மெக்கானிக் கூறிய தொகையைக் கேட்டு அவர் இரண்டு நாள் பாடசாலைக்கு வரவில்லை. அதுமுதல் அயலில் எவர் இத்தகைய கார் வாங்கச் சென்றாலும் என்னையும் அழைத்துச் செல்வது வழக்கமாயிற்று. பத்திரம் படிக்கத் தெரிந்தவன் என்பதே நான் பெற்ற தகுதி. சென்ற இடங்களிலெல்லாம் கேட்டும் கண்டும் அறிந்தவற்றை இங்கே எழுதுகின்றேன்.

முதலில் பெயர். ஹைபிரிட் என்னும் சொல் இலத்தீனிலிருந்து வந்தது. வீட்டுப் பன்றிக்கும் காட்டுப் பன்றிக்கும் பிறந்த குட்டியை உரோமர் அவ்வாறு அழைத்தனர். வன்னியில் வாழ்வார்க்கு இதைவிட விளக்கமான உவமை வேண்டா. பெற்றோல் எஞ்சின் ஒன்றும் மின்மோட்டார் ஒன்றும் ஒரே வண்டியில் கூடி வாழ்கின்றன. இதற்கு 'இருவலிக் கார்' என்று ஒரு பெயர் சூட்டிப் பார்த்தேன். வலி என்னும் சொல் ஆற்றலையும் குறிக்கும், நோவையும் குறிக்கும். வாங்கியவர் சிலருக்கு இரண்டாம் பொருளே வாய்த்தமையால் அப்பெயரை வற்புறுத்தாது விட்டேன்.

இக்கார்களுள் மூத்தது 1997 டிசெம்பரில் யப்பானில் விற்பனைக்கு வந்த டொயோட்டா பிறியஸ். தடுப்பை மிதிக்கும்போது வீணாகும் விசையை மோட்டார் மின்னாக மாற்றிப் பெரிய பற்றரியில் சேர்த்துவைக்கும். புறப்படும்போது அம்மின்னே வண்டியை நகர்த்தும். வண்டி தரித்து நிற்கையில் எஞ்சின் தானாக ஓய்ந்துவிடும். ஆகவே முற்காலத்து ஓட்டுநர் காதுகொடுத்து நோயறிந்த முறை இங்கே பாதியளவே பயன்படும். பேசாதிருப்பதே இவ்வண்டியின் இயல்பாதலின், பேசாமை நலத்துக்குச் சான்றாகாது.

இவ்விடத்தில் வேறொரு வண்டியை நினைவுகூராது செல்ல மனம் வரவில்லை. 1990இன் பின் எரிபொருட்டடை நிலவிய காலத்திலே, யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் பழைய மொறிஸ் மைனர், ஒஸ்ரின் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. கிடைத்தற்கரிய பெற்றோலைச் சிறிதளவு ஊட்டி எஞ்சினை உயிர்ப்பித்து, சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவர். புகையும் நாற்றமும் சொல்லுந்தரமல்ல. எனினும் அவையும் ஒருவகையில் இரண்டு உணவுண்ட வண்டிகளே. அவற்றை வாங்கச் சென்றவன் மூடியைத் திறந்தால் முழு நோயும் கண்முன் கிடந்தது. கரி படிந்த பிளக்கைக் கழற்றித் துடைக்கச் சிறுவனுக்கும் தெரியும். மாடு வாங்குபவன் சுழி பார்த்துப் பல் எண்ணுவதுபோலக் காரும் வாங்கலாயிற்று. ஹைபிரிட் காரின் பல்லோ பின்னிருக்கைக்குக் கீழேயோ பின்னேயோ பூட்டிய பெட்டிக்குள் இருக்கின்றது.

அப்பெட்டியே காரியத்தின் உயிர்நிலை. மூன்றாந் தலைமுறைப் பிறியஸ் 2009இல் வெளிவந்தது. அதன் பற்றரியில் 28 கூறுகள் வரிசையாக அடுக்கப்பட்டுள்ளன. ஒவ்வொரு கூற்றிலும் ஆறு நிக்கல் உலோக ஐதரைட்டுக் கலங்கள். மொத்தம் 168 கலங்கள், 201.6 வோல்ற்று. அக்குவாவில் 20 கூறுகள், 144 வோல்ற்று. இவை தொடராக இணைந்தவையாதலின் ஒரு கலம் நலிந்தால் முழு அடுக்கும் தளரும். நலிவுக்கு முதற்காரணம் வயது, அடுத்தது வெப்பம். பற்றரியைக் குளிரவைக்கச் சிறிய விசிறி ஒன்று பயணிகள் இருக்கும் இடத்துக் காற்றையே இழுக்கின்றது. காற்றிழுக்கும் துவாரம் பின்னிருக்கை அருகே உள்ளது. நம் வீதிப் புழுதி அதை அடைத்துவிடும். நெல்மூடை ஏற்றினால் மூடை அடைத்துவிடும். கார் பார்க்கச் செல்லும்போது நான் முதலிற் குனிவது அத்துவாரத்துக்கு முன்னேதான். அங்கே தூசி அப்பிக் கிடந்தால், பற்றரி பல கோடைகளை மூச்சுத் திணறியே கழித்ததென்று கொள்க.

விற்பவரிடம் கேட்கவேண்டிய கேள்வி, 'பற்றரி நல்லதோ?' என்பதன்று. அதற்கு 'நல்லது' என்ற ஒரே விடைதான் உலகில் உண்டு. 'பற்றரி எப்போதாவது திறக்கப்பட்டதா? திறந்தவர் யார்? பற்றுச்சீட்டு எங்கே?' என்று கேட்கவேண்டும். பழுதான ஓரிரு கூறுகளை மட்டும் கழற்றி, வேறு பழம் பற்றரியிலிருந்து எடுத்த கூறுகளை இட்டு எச்சரிக்கை விளக்கை அணைத்துவிடும் வழக்கம் பரவியிருக்கின்றது. பழைய வேட்டியில் புதுத் துண்டு ஒட்டியதுபோல, ஒட்டின் பக்கத்திலேயே அடுத்த கிழிசல் வரும். நம் கணித ஆசிரியரின் அக்குவாவில் நிகழ்ந்ததும் இதுவேயென்று மெக்கானிக் பெட்டியைத் திறந்து காட்டினார். கூறுகளிற் சில நிறத்தாலேயே வேறுபட்டிருந்தன. முழுப் பற்றரியும் மாற்றப்பட்டதெனின், அது புதியதா, பழையதைப் புதுக்கியதா, உத்தரவாதம் எவ்வளவு காலம், அது புதிய உரிமையாளருக்கும் செல்லுமா என்பவற்றை எழுத்தில் பெறுதல் வேண்டும்.

இன்னொரு கேள்வியை எவரும் கேட்பதாகத் தெரியவில்லை. என் அனுபவத்தில் மிகப் பயன்பட்டது அதுவே. '2022இல் வண்டி எப்படி ஓடியது?' அவ்வாண்டு எரிபொருள் இன்றி நாடே வரிசையில் நின்றதை மறந்தார் இலர். பின்னர் கியூஆர் முறை வந்தது. கார் ஒன்றுக்கு வாரத்துக்கு 20 லீற்றர் என்று தொடங்கிற்று. பல கார்கள் மாதக்கணக்காகக் கொட்டிலில் உறங்கின. ஹைபிரிட் பற்றரி நெடுநாள் ஓடாது கிடந்தால் தானே வடிந்து கெடும். 'இடையிடையே ஓட்டி வைத்தேன்' என்று விவரமாகச் சொல்பவரும், 'அது அப்படியே நின்றது சேர்' என்பவரும் இரண்டு வேறு கார்களை விற்கின்றனர்.

சொல்லைக் கேட்டபின் கருவியை இணைக்கவேண்டும். காரின் கணினியோடு இணைத்துப் படிக்கும் ஸ்கானர் ஹைபிரிட் வேலை தெரிந்த கராஜ்களில் உண்டு. பிறியஸ் பற்றரியின் 28 கூறுகளையும் இரண்டிரண்டாகச் சேர்த்து 14 தொகுதிகளாக அது காட்டும். வண்டி நிற்கையில் எல்லாம் ஒத்திருப்பதில் வியப்பில்லை. மோட்டார் இழுக்கும்போதும் மின் ஏறும்போதும் ஒரு தொகுதி மட்டும் விழுவதும் எழுவதுமாயிருந்தால் அங்கே நரி ஒளிந்திருக்கின்றது. பழுதுக் குறிப்புகளை விற்பனைக்கு முன் அழித்துவிடுவாரும் உளர். அழித்தபின் ஓடிய தூரத்தையும் சில கருவிகள் காட்டும். 'நேற்றுத்தான் ஐயா துடைச்சிருக்கினம்' என்று வவுனியாவில் ஒரு மெக்கானிக் என் காதோடு சொன்னது நினைவிருக்கின்றது.

வண்டியைக் காலையிலே, உரியவர் ஒருமுறையேனும் எஞ்சினை இயக்குமுன் சென்று பார்த்தல் நன்று. மூடியைத் தொட்டால் குளிர்ந்திருக்கவேண்டும். மூன்றாந் தலைமுறைப் பிறியஸில் குளிர்ந்த எஞ்சின் முதன்முதல் எழும்போது சில கணம் நடுக்கம் கொண்டு குலுங்கினால், தலைப்பகுதி அடைப்பு நைந்து குளிரூட்டும் நீர் உள்ளே கசிகின்றதோ என்று ஐயுறவேண்டும். அவ்வகைக் கார்களில் அறியப்பட்ட நோய் அது. நீர்க்குடுவையின் அளவையும் அப்போதே பார்க்க. எஞ்சினுக்கு ஒன்றும் மின்மாற்றிக்கு ஒன்றுமாகக் குடுவைகள் இரண்டு உண்டு. செம்மஞ்சள் நிறத் தடித்த கேபிள்களில் மாத்திரம் கைவைக்கவேண்டா. பிறியஸில் அம்மின் 600 வோல்ற்றுக்கு மேலும் உயர்த்தப்படுகின்றது.

ஓட்டிப் பார்த்தலை அரைமணி நேரத்துக்குக் குறையாது செய்தல்வேண்டும். வன்னி மலையில்லாத நாடு. ஏற்றத்தில் ஏற்றிச் சோதிக்க வழியில்லை. அதற்கு ஈடாக நான்கு பேரை ஏற்றி, குளிரூட்டியை முழுதும் திறந்து, நண்பகலில் ஓட்டுக. முகப்பிலுள்ள மின்னளவுக் கோடுகள் ஐந்து நிமிடத்தில் வற்றி ஐந்து நிமிடத்தில் நிரம்பினால் குளம் தூர்ந்துவிட்டது என்பதே பொருள். கொள்ளளவு குறைந்த குளந்தானே ஒரு மழைக்கு வான்பாய்ந்து ஒரு வெயிலுக்கு வற்றும்! பின்னிருக்கை விசிறி ஓயாது இரைவதும் அவ்வாறே. ஆயினும் எல்லா எச்சரிக்கையும் பெருநோயன்று. 12 வோல்ற்றுச் சிறு பற்றரி ஒன்று தனியே உண்டு. அது தளர்ந்தாலும் முகப்பில் விளக்குகள் கண்டபடி ஒளிரும். அதை மாற்றுவது சிறுசெலவு. அதற்கஞ்சி நல்ல காரைக் கைவிட்டவரையும் கண்டிருக்கின்றேன்.

ஹைபிரிட் என்னும் ஒரு பெயரின்கீழ் பல சாதிகள் உண்டு. 2013 செப்ரெம்பரில் வந்த ஹொண்டா ஃபிற் இலிதியம் பற்றரியும் இரட்டைக் கிளச்சுப் பல்லிணைப்பெட்டியும் உடையது. 2014க்குள் அதனை உற்பத்தியாளர் பலமுறை திரும்ப அழைத்துத் திருத்தினர். நீங்கள் பார்க்கும் வண்டி அத்திருத்தங்களைப் பெற்றதா என்பது முதற்கேள்வி. குறைந்த வேகத்தில் தயங்கித் துள்ளுகின்றதா என்பது அடுத்தது. சுசூகி வாகன் ஆர் பெரும்பாலும் எஞ்சினாலேயே ஓடுவது, மின் உதவி சிறிது. பற்றரியும் சிறிது, ஆதலின் அச்சமும் சிறிது.

வெள்ளம் பற்றியும் ஒருவரி. 2016 மேயில் களனிக் கரையிலும், 2018 டிசெம்பரில் கிளிநொச்சி, முல்லைத்தீவிலும் நீருள் நின்ற வண்டிகள் கழுவி மினுக்கப்பட்டு வேற்றூர் போயிருக்கும். இருக்கைப் பட்டியை இறுதிவரை இழுத்துப் பார்த்தால் சேற்றுக் கோடு தெரியும். வண்டி உருவான ஆண்டும் அப்பட்டியின் அடியில் தைத்த துண்டில் பெரும்பாலும் இருக்கும். தூரமானி காட்டும் எண்ணை நம்புமுன் மிதியின் தேய்வையும், யப்பானிய ஏலப் பத்திரம் கிடைக்குமானால் அதனையும் ஒப்பிடுக.

பத்திரங்களில், பதிவுச் சான்றிதழிலுள்ள 'முழு உரிமையாளர்' என்னும் நிரலைக் கட்டாயம் வாசிக்கவேண்டும். அங்கே லீசிங் நிறுவனத்தின் பெயரிருந்தால் விற்பவர் தம்முடையதல்லாததை விற்கின்றார். நிரப்பாத படிவத்தில் முன்னையவர் ஒப்பம் மட்டும் இட்ட 'ஓபின் பேப்பர்' நம் பக்கத்தில் தாராளம். மூன்று கை மாறிய வண்டியின் முதலாமவர் எங்கோ வெளிநாட்டில் இருப்பார். சிக்கல் வந்தால் யாரைத் தேடுவது?

இறுதியாகக் கணக்கு. இது கணித ஆசிரியரே பின்னர் எனக்குப் போட்டுக் காட்டியது. மாதம் 600 கிலோமீற்றர் ஓடும் ஒருவர், லீற்றருக்கு 12 கிலோமீற்றர் தரும் சாதாரணக் காரில் 50 லீற்றர் செலவிடுவார். யப்பானியத் தாளில் அக்குவாவுக்கு 35.4 கிலோமீற்றர் என்றிருப்பினும், நம் வீதியில் 20 என்று கொண்டால் 30 லீற்றர். லீற்றர் 300 ரூபா என்று வைத்தால் மிச்சம் மாதம் 6,000, ஆண்டு 72,000. பற்றரி பல இலட்சம். பாடசாலை வீட்டிலிருந்து நான்கு மைலென்றால் எஞ்சின் சூடேறுமுன் பயணம் முடிந்துவிடும். மிச்சம் இன்னுங் குறையும். 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் தனியார் கார்களுக்குத் திறந்தது. இடைக்காலத்தில் பழங்கார்கள் தம் வயதையும் மறந்து விலையேறின. பன்னிரண்டு வயதுப் பற்றரிக்குப் புதுவிலை கொடுப்பதற்கு முன் இக்கணக்கை ஒருமுறை போட்டுப்பார்க்கலாம்.

அண்மையில் ஓய்வூதியப் பணிக்கொடை பெற்ற அதிபர் ஒருவருடன் வவுனியாவுக்குச் சென்றிருந்தேன். வெண்ணிறப் பிறியஸ், அழகானது. அதிபர் பணத்தைப் பையிலேயே கொண்டுவந்திருந்தார். ஸ்கானர் பூட்டவேண்டும் என்றேன்.

"அதெல்லாம் தேவையில்லைச் சேர். நம்பிக்கை இல்லாட்டி எப்பிடி வியாபாரம் செய்யிறது?" என்றார் விற்பவர்.

"தம்பி, நம்பிக்கை இருக்கு. கருவியும் வந்திருக்கு. பத்து நிமிசம்," என்றார் அதிபர்.

விற்பவர் திறப்பைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். வேறு ஆட்கள் மாலையில் வருகின்றார்கள் என்றும் சொன்னார். நாங்கள் மெக்கானிக்குக்குத் தேநீர் வாங்கிக் கொடுத்துவிட்டு, ஒன்றரை மணி நெடுங்கேணிப் பேருந்தில் ஏறினோம். பணப்பையை அதிபர் வழிநெடுக மடியிலேயே வைத்திருந்தார்.