வெயில் இறங்கியும் வீடு ஏன் ஆறுவதில்லை? வெப்பம் பற்றி ஒவ்வொரு குடும்பமும் அறிய வேண்டியவை

மே மாதத்தில் அண்ணனூர், திருமுல்லைவாயல், ஆவடி பக்கம் மேல்மாடியில் குடியிருப்பவர்களுக்கு இது பழகிப்போன ஒன்று. பகலெல்லாம் கொளுத்திய வெயில் மஃரிப் நேரத்தோடு போய்விடுகிறது. ஆனால் இஷா தொழுதுவிட்டு வந்து படுத்தால் சுவர் சுடுகிறது, மின்விசிறி அனலை இறக்குகிறது. கைபேசியில் பார்த்தால் வெளியே 31 டிகிரிதான் என்கிறது.

இது வெறும் அசௌகரியம் அல்ல. முதியவர்கள், கைக்குழந்தைகள், இதய நோயும் சர்க்கரை நோயும் உள்ளவர்கள் ஆகியோருக்கு இரவிலும் உடல் ஆறாமல் போவது ஆபத்து. தமிழக அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராகவே அறிவித்தது. வெப்பம் எப்படிச் சேர்கிறது, எப்படி நகர்கிறது என்று தெரிந்துகொண்டால், அதிகச் செலவில்லாமல் நம் வீட்டாரைக் காக்க முடியும்.

வெப்பம் வேறு, வெப்பநிலை வேறு

ரமலானில் பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி காய்ச்சுவதை எண்ணிப் பாருங்கள். கொதிக்கும் அண்டாவிலிருந்து ஒரு குவளை கஞ்சி எடுக்கிறோம். எடுத்த அந்த நொடியில் அண்டாவில் உள்ள கஞ்சிக்கும் குவளையில் உள்ள கஞ்சிக்கும் வெப்பநிலை ஒன்றுதான். ஆனால் குவளைக் கஞ்சி சில நிமிடங்களில் ஆறிவிடும். அண்டாக் கஞ்சியோ அஸரிலிருந்து மஃரிப் வரை சூடாகவே இருக்கும்.

காரணம் எளிது. எல்லாப் பொருள்களிலும் உள்ள நுண்ணிய துகள்கள் ஓயாமல் அசைந்துகொண்டே இருக்கின்றன. அந்த அசைவு சராசரியாக எவ்வளவு வேகமானது என்பதைக் காட்டும் எண்தான் வெப்பநிலை. அத்தனை துகள்களிலும் சேர்ந்து எவ்வளவு ஆற்றல் இருக்கிறது என்பது வெப்ப ஆற்றல். அண்டாவில் துகள்கள் பல மடங்கு அதிகம், ஆகவே ஆற்றலும் அதிகம். அது வெளியேற நேரமாகிறது.

இந்த ஆற்றல் வெப்பநிலை கூடிய பொருளிலிருந்து குறைந்த பொருளுக்கு நகரும்போது அதை வெப்பம் என்கிறோம். இந்த வேறுபாட்டை 1760களில் சோதனைகள் மூலம் தெளிவாக்கியவர் ஸ்காட்லாந்து அறிஞர் ஜோசப் பிளாக். கைபேசி காட்டுவது வெளிக்காற்றின் வெப்பநிலையை மட்டுமே. உங்கள் வீட்டுக் கூரை எவ்வளவு வெப்பத்தைச் சேர்த்து வைத்திருக்கிறது என்று அது சொல்லாது.

தம் பிரியாணியில் மூன்று பாதைகள்

வெப்பம் நகரும் வழிகள் மூன்று. பிள்ளைகளின் அறிவியல் புத்தகத்தில் உள்ள இந்தப் பாடத்தை நம் சமையலில் அப்படியே பார்க்கலாம்.

முதலாவது வெப்பக் கடத்தல். அடுப்பில் வைத்த தேக்சாவின் அடிப்பகுதி சூடாகி, அந்தச் சூடு உலோகத்தின் வழியே அரிசிக்குப் போகிறது. பொருள் நகர்வதில்லை, சூடு மட்டும் துகளுக்குத் துகள் கைமாறுகிறது. உலோகம் வேகமாகக் கடத்தும், மரக் கரண்டியோ மெதுவாகக் கடத்தும்.

இரண்டாவது வெப்பச் சலனம். உலை கொதிக்கும்போது அடியில் சூடான நீர் மேலே எழும்புகிறது, மேலே உள்ள நீர் கீழே இறங்குகிறது. இங்கே பொருளே சூட்டைச் சுமந்து செல்கிறது. கடல்காற்றும் இப்படித்தான் உருவாகிறது. பகலில் நிலம் கடலைவிட விரைவில் சூடாவதால் நிலத்தின் மேலுள்ள காற்று எழும்ப, கடல்மேல் உள்ள குளிர்ந்த காற்று உள்ளே வருகிறது. கடற்கரையிலிருந்து 15 கிலோமீட்டருக்கும் மேல் உள்ளே இருக்கும் அண்ணனூருக்கு அது மெரினாவை விடத் தாமதமாகத்தான் வந்து சேரும்.

மூன்றாவது வெப்பக் கதிர்வீச்சு. தம் போடும்போது மூடியின் மேல் தணல் வைக்கிறோம். தணலைத் தொடாமலேயே அதன் அனல் முகத்தில் அடிக்கிறதல்லவா? அது கதிராக வரும் வெப்பம். சூரியனிலிருந்து வெற்றிடத்தைக் கடந்து நமக்கு வெப்பம் வருவதும் இப்படியே.

மே மாதத்து மேல்மாடி வீடு ஏறத்தாழ ஒரு தம் தேக்சா போலத்தான். மேலே தணலாகச் சூரியன், நடுவில் மூடியாகக் கான்கிரீட் தளம், உள்ளே நாம்.

தளம் சேர்த்து வைக்கும் வெப்பம் எவ்வளவு?

100 சதுர அடி அறை ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதன் மேல் 5 அங்குலக் கான்கிரீட் தளம். அந்தத் தளத்தின் எடை ஏறத்தாழ 2,800 கிலோ. அது 10 டிகிரி சூடானால் அதில் சேரும் ஆற்றல் சுமார் 7 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். அதாவது 1,000 வாட் ஹீட்டர் ஒன்று 7 மணி நேரம் எரிந்த அளவு.

அதே அறைக்குள் இருக்கும் காற்றின் எடை 35 கிலோவுக்கும் குறைவு. அதை 10 டிகிரி சூடாக்கத் தேவைப்படும் ஆற்றல், தளத்தில் இருப்பதில் 70இல் ஒரு பங்குதான். அதனால்தான் இரவில் ஜன்னலைத் திறந்து காற்றை மாற்றினாலும், மூடிய சிறிது நேரத்தில் தளம் அந்தக் காற்றை மீண்டும் சூடாக்கிவிடுகிறது.

தளத்தின் மேற்பரப்பில் விழுந்த வெப்பம் கடத்தல் மூலம் அடிப்பரப்புக்கு வந்துசேரச் சில மணி நேரம் ஆகும். நண்பகல் வெயில் நமக்குக் கூரை வழியே கிடைப்பது மாலையிலும் இரவிலும்தான். அப்போது கூரை, படுத்திருப்பவர் மீது அனலைக் கதிராக வீசுகிறது. மின்விசிறியோ கூரையை ஒட்டிய சூடான காற்றைக் கீழே தள்ளுகிறது.

ஆகவே, அறைக்குள் வந்துவிட்ட சூட்டோடு போராடுவதைவிட, தளத்துக்குள் சூடு போகாமல் தடுப்பதே முதல் வேலை.

புனித மக்கா தரும் பாடம்

ஹஜ், உம்ரா சென்றவர்கள் மதாஃபின் வெள்ளைத் தரை நண்பகலிலும் வெறுங்காலைச் சுடாததைக் கண்டிருப்பார்கள். அது கிரீஸ் நாட்டின் தாசோஸ் தீவிலிருந்து வரும் வெண் பளிங்கு. தன்மேல் விழும் வெயிலில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடுவதால் அது அதிகம் சூடாவதில்லை.

நம் மொட்டைமாடிக்கும் இதே விதிதான். கறுத்துப்போன பழைய கான்கிரீட் வெயிலை விழுங்கும். புதிதாக அடித்த சுண்ணாம்போ வெள்ளைக் கூலிங் பெயின்டோ அதைத் திருப்பி அனுப்பும். கோடை தொடங்கும் முன் இதைச் செய்துவிட வேண்டும். தூசி படிந்தால் கழுவிவிட வேண்டும். தெலங்கானா அரசு 2023இல் இதற்காகவே குளிர்கூரைக் கொள்கை ஒன்றை வெளியிட்டது. வாடகை வீடானால் உரிமையாளரிடம் பேசுங்கள், கீழ்வீட்டாரும் சேர்ந்தால் செலவு பகிரப்படும். தளத்திலிருந்து சற்று உயர்த்திக் கட்டிய தென்னங்கீற்றும் பச்சை வலையும்கூட நிழல் தரும்.

வெயில் தாழ்ந்தபின் மாடியில் நீர் தெளிப்பதும் பயன் தரும். ஒரு லிட்டர் நீர் ஆவியாகச் சுமார் 2,400 கிலோஜூல் வெப்பம் வேண்டும். அது முழுவதும் தளத்திலிருந்தே போனால், மேலே சொன்ன தளம் முழுவதும் ஒரு டிகிரி குளிரும். மண்பானை நீர் குளிர்வதும் இதனால்தான். நீரை வீணாக்குவது நம் மார்க்கத்தில் கண்டிக்கப்பட்டது. எனவே உளூ செய்த நீரையும், குடிநீர் சுத்திகரிப்பான் கழிக்கும் நீரையும் இதற்குப் பயன்படுத்தலாம்.

வியர்வையும் மின்விசிறியும்

சும்மா உட்கார்ந்திருந்தாலும் நம் உடல் சுமார் 100 வாட் வெப்பத்தை உண்டாக்கிக்கொண்டே இருக்கிறது. அது வெளியேறினால்தான் உடல் 37 டிகிரியில் நிற்கும். சுற்றியுள்ள காற்று தோலைவிடச் சூடாகிவிட்டால் கடத்தலும் சலனமும் எதிர்த்திசையில் வேலை செய்யும். அப்போது வியர்வை ஆவியாவது ஒன்றே வழி. காற்றில் ஈரப்பதம் மிகுந்த சென்னையில் வியர்வை வழிந்தோடுமே தவிர எளிதில் ஆவியாகாது.

மின்விசிறி காற்றைக் குளிர்விப்பதில்லை. வியர்வை ஆவியாக உதவுகிறது, அவ்வளவுதான். காற்று 40 டிகிரியைத் தாண்டினால் மின்விசிறி உடலை இன்னும் சூடாக்கும் என்று உலக சுகாதார நிறுவனம் எச்சரிக்கிறது. அத்தகைய நேரத்தில் ஈரத்துணியால் உடலைத் துடைத்துக்கொள்வதும், கீழ்த்தளத்திலோ குளிர்ந்த இடத்திலோ இருப்பதும் அவசியம்.

கறுப்பு பர்தா அதிகச் சூடா என்ற கேள்வி அடிக்கடி எழுகிறது. பாலைவன பதூயின் மக்களின் கறுப்பு அங்கி பற்றிய ஆய்வு ஒன்று 1980இல் ‘நேச்சர்’ இதழில் வெளியானது. கறுப்புத் துணி வெயிலை அதிகம் வாங்கினாலும், தொளதொளப்பான அங்கியாக இருந்ததால் அந்தக் கூடுதல் வெப்பம் தோலை அடையும் முன்பே காற்றோடு போய்விட்டது என்று அது கண்டது. எனவே நிறத்தைவிட, தளர்வும் காற்றோட்டமும்தான் முக்கியம். நம் ஊர் ஈரக்காற்றில் ஒட்டிப்பிடிக்கும் பாலியெஸ்டரைத் தவிர்த்து, மெல்லிய, தளர்வான துணியைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

உயிரைக் காக்கும் நிமிடங்கள்

2024 ஹஜ்ஜின்போது மஸ்ஜிதுல் ஹராமில் 51.8 டிகிரி பதிவானது. 1,301 பேர் இறந்ததாக சவூதி அரசு அறிவித்தது. அவர்களில் பெரும்பாலோர் அனுமதியின்றி வந்து, தங்க இடமும் நிழலும் இல்லாமல் வெயிலில் நெடுந்தூரம் நடந்தவர்கள். வானிலை நிலையங்கள் தரும் எண் நிழலில் அளக்கப்படுவது. வெயிலில் நிற்பவர் மீது நேரடிக் கதிர்வீச்சும் சேர்ந்து விழுகிறது.

வெயிலிலோ புழுக்கமான அறையிலோ இருந்தவரின் உடல் நெருப்பாய்ச் சுட்டு, பேச்சு குழறி, மயக்கமோ வலிப்போ வந்தால் அது வெப்பப் பக்கவாதமாக இருக்கலாம். இது சாதாரணக் காய்ச்சல் அல்ல, காய்ச்சல் மாத்திரை இதற்கு உதவாது. உடனே 108ஐ அழையுங்கள். வண்டி வரும்வரை நிழலில் கிடத்தி, மேலாடையைத் தளர்த்தி, உடல் முழுதும் நீர் ஊற்றி விசிறுங்கள். நினைவில்லாதவர் வாயில் நீர் ஊற்றாதீர்கள். நோன்பாளியானாலும், உயிருக்கு ஆபத்து என்றால் நோன்பை விட மார்க்கம் அனுமதிக்கிறது.

கடும் வெப்பத்தில் லுஹர் தொழுகையைச் சூடு தணியும்வரை பிற்படுத்துமாறு நபி (ஸல்) அவர்கள் கூறியது புகாரி, முஸ்லிம் இரு நூல்களிலும் பதிவாகியுள்ளது. நிழலும், வெப்பத்திலிருந்து காக்கும் ஆடையும் இறைவனின் அருட்கொடைகள் என்று அந்நஹ்ல் அத்தியாயத்தின் 81ஆம் வசனம் நினைவூட்டுகிறது. ஜுமுஆவுக்கு வருவோர் வெயிலில் நிற்காதபடி ஒரு பந்தல், வாசலில் ஒரு பானை நீர், மஹல்லாவில் தனியாக வாழும் முதியவர்களை மாலையில் ஒருமுறை போய்ப் பார்த்துவரச் சில இளைஞர்கள். இவை எந்த ஜமாஅத்தாலும் செய்யக்கூடியவை.

இந்தக் கோடையில் முதல் வேலையாக உங்கள் மொட்டைமாடிக்கு ஏறிப் பாருங்கள். தரை கறுத்திருந்தால் சுண்ணாம்பு வாங்க வேண்டிய நேரம் அது. வல்ல இறைவன் நம் முதியவர்களையும் பிள்ளைகளையும் பாதுகாப்பானாக. ஆமீன்.