கண்ணாடிச் சிறகும் கண்ணின் பிழையும்

கல்லூரித் தோட்டத்து உண்ணிச்செடியின் பூவெதிரே, அமராமல் அந்தரத்தில் நின்றவாறே தேன் உறிஞ்சிய உயிரொன்றைக் கண்டு மாணவர் ஒருவர் தேன்சிட்டு என்றார். மற்றொருவர் குளவியெனக் கருதி அடிக்கக் கை ஓங்கினார். அது இரண்டும் அன்று. பகலில் பறக்கும் ஓர் அந்துப்பூச்சி. செஃபோனோடிஸ் ஹைலாஸ் என்பது அதன் அறிவியற்பெயர். இந்தியா, இலங்கை முதல் ஜப்பான் வரை வாழ்வது. 1771இல் லின்னேயஸ் இதனை ஸ்பிங்ஸ் ஹைலாஸ் எனப் பெயரிட்டார். பேரினப்பெயர் பின்னர் மாறிற்று.

கண்ணாடி போன்ற சிறகே முதலில் கண்ணைக் கவர்கிறது. ஆயினும் அதனையே அடையாளமாகக் கொள்வது பிழை. செசியிடே என்னும் வேறொரு குடும்பத்து அந்துப்பூச்சிகளுக்கும் அத்தகைய சிறகு உண்டு. மேலும், நம் பூச்சிக்கே அது தோன்றும்போது வாய்ப்பதன்று. கூட்டிலிருந்து வெளிவருகையில் சிறகு முழுவதையும் சாம்பல்நிறச் செதில்கள் மூடியிருக்கும். முதன்முறை பறக்கும்போது அவை தூளாய் உதிர்ந்துவிடும். பறக்குமுன் பிடித்துக் குத்தி வைத்தவர், அதனை வேறோர் இனமென்றே எழுதிவைக்கக்கூடும்!

பின் எதனை நோக்குவது? தடித்து இருமுனையும் ஒடுங்கிய உடல், பாசிப்பச்சை மேனி, வயிற்றின் குறுக்கே செந்நிறப் பட்டை, வால்நுனியில் கருமயிர்க் கற்றை, முனையில் கொக்கிபோல் வளைந்த உணர்கொம்பு, சுருட்டிவைக்கத்தக்க நீண்ட உறிஞ்சுகுழல் ஆகியவற்றைச் சேர்த்தே நோக்க வேண்டும். புழுப்பருவமோ இன்னும் தெளிவான சான்று. காப்பி, பாவட்டை ஆகியவற்றின் இலைகளைத் தின்னும் அப்புழுவின் பின்புறத்தில் ஒரு கொம்பு நிற்கும். ஸ்பிங்கிடே குடும்பத்துப் புழுக்கள் பெரும்பாலானவற்றிற்கு உரிய குறி அது. வட அமெரிக்காவில் வாழும் இதன் உறவினங்களான ஹெமாரிஸ் திஸ்பி, ஹெமாரிஸ் டிஃபினிஸ் இரண்டிற்கும் கண்ணாடிச் சிறகு பொது. அவற்றைப் பிரித்தறியக் காலைப் பார்ப்பர்: முன்னதற்கு வெளிர்நிறம், பின்னதற்குக் கருமை.

தொல்காப்பிய மரபியல் நண்டையும் தும்பியையும் நான்கறிவுயிர் என ஒரே வகுப்பில் வைக்கிறது. அவ்விரண்டிற்கும் உருவில் என்ன ஒப்புமை? புலனை அளவாகக் கொண்ட பகுப்பு அது. இன்றைய உயிரியல் கொள்ளும் அளவு வேறு. எனினும், மேற்றோற்றத்தில் மயங்காமை இரண்டிற்கும் பொது.

கை ஓங்கிய மாணவர், "கொட்டாதா ஐயா?" என்று வினவினார். கொட்டாது, அதற்குக் கொடுக்கே இல்லை.