மடிக்கணினியின் மெலிவும் வலிவும்

சந்தையில் மண்பானை வாங்குவோர் அதைத் தட்டிப் பார்த்து வாங்குவர். ஒலி தெளிவாக இருந்தால் விரிசல் இல்லை என்று அறிந்துகொள்வர். பானையைவிடப் பன்மடங்கு விலையுள்ள மடிக்கணினியை வாங்கும்போது நாம் என்ன செய்கிறோம்? கையில் தூக்கிப் பார்க்கிறோம். எடை குறைவாக இருந்தால் "நல்ல கருவி" என்கிறோம். சற்றுத் தடித்திருந்தால் "பழைய காலத்துப் பொருள்" என்று ஒதுக்குகிறோம். மெலிவே மேன்மை என்னும் இக்கருத்து எவ்வாறு தோன்றியது, அது எந்த அளவுக்குப் பொருந்தும் என்பதை இங்கே ஆராய்வோம்.

1981-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த 'ஆஸ்போர்ன் 1', கையோடு எடுத்துச் செல்லத்தக்க கணினி என்று பெயர் பெற்றது. அதன் எடை ஏறத்தாழ 11 கிலோ. திரையோ 5 அங்குலமே. அதனுள் பாட்டரி கிடையாது. மின் இணைப்பு உள்ள இடத்தில்தான் இயங்கும். அடுத்த ஆண்டு 'கிரிட் காம்பஸ்' என்னும் கணினி வந்தது. பில் மாக்ரிட்ஜ் என்னும் ஆங்கிலேய வடிவமைப்பாளர், திரையைக் கீலில் பொருத்தி, அதை விசைப்பலகையின்மேல் புத்தகம்போல் மூடும் முறையை அதில் வகுத்தார். அன்று 8,150 டாலர் விலை பெற்ற அக்கருவியின் அமைப்பைத்தான் இன்றுள்ள மடிக்கணினிகளும் பின்பற்றுகின்றன.

தொடக்கக்கால மடிக்கணினிகள் பலவற்றில் விசைப்பலகை முன்விளிம்பை ஒட்டி இருந்தது. எழுதுவோரின் மணிக்கட்டு ஆதாரமின்றித் தொங்கியது. 1991-இல் ஆப்பிள் நிறுவனம் தன் 'பவர்புக்' கணினியில் விசைப்பலகையைத் திரைப்பக்கம் தள்ளி வைத்து, முன்புறத்தில் கைகளை ஊன்ற இடம் விட்டது. மாற்றம் சிறிது, பயன் பெரிது. வடிவமைப்பு என்பது அழகு மட்டுமன்று, பயன்படுத்துவோரின் உடலையும் வேலையையும் எண்ணிப் பார்ப்பது என்பதற்கு இதுவே சான்று. அதே ஆண்டில் சோனி நிறுவனம் லித்தியம் அயனி பாட்டரியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. எடை குறைவாகவும் ஆற்றல் மிகுதியாகவும் உள்ள இந்தப் பாட்டரியே பின்னாளில் மெல்லிய கணினிகளுக்கு வழி திறந்தது.

2008-ஆம் ஆண்டு ஜனவரியில் ஆப்பிள் நிறுவனத் தலைவர் ஸ்டீவ் ஜாப்ஸ், மேடையில் ஓர் அலுவலகக் காகித உறையிலிருந்து 'மாக்புக் ஏர்' கணினியை உருவி எடுத்துக் காட்டினார். அதன் எடை 1.36 கிலோ. உலகம் வியந்தது, பிற நிறுவனங்களும் மெலிவுப் போட்டியில் இறங்கின. ஆனால் அக்கருவியில் பாட்டரியை உரிமையாளர் எளிதாகக் கழற்றி மாற்ற இயலாது. நினைவகமும் மின்பலகையோடு பற்றவைக்கப்பட்டிருந்தது.

மெலிவை வெறும் பகட்டு என்று தள்ளிவிடவும் கூடாது. நாள்தோறும் நெரிசலான பேருந்தில் தோளில் சுமந்து செல்லும் மாணவிக்கு அரைக் கிலோ குறைவதும் பெரிய உதவியே. நினைவகத்தைச் செயலிக்கு அருகே பற்றவைப்பதால் இடமும் மின்செலவும் குறைகின்றன. ஆயினும் இந்த நன்மைக்கு ஒரு விலை உண்டு. அதை நாம் கடையில் கொடுப்பதில்லை. மூன்றாம், நான்காம் ஆண்டில் கொடுக்கிறோம்.

முதலாவது, வெப்பம். செயலி வேலை செய்யும்போது சூடேறுகிறது. மெல்லிய கூட்டில் விசிறிக்கும் காற்றோட்டத்துக்கும் இடம் குறைவு. சூடு எல்லை மீறாதிருக்கச் செயலி தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். வேகமான செயலிக்குப் பணம் கொடுத்தும், நெடுநேர வேலையில் அந்த வேகம் முழுவதும் நமக்குக் கிட்டாமற் போகலாம்.

இரண்டாவது, பாட்டரி. சில நூறு முறை மின்னேற்றிய பின் அதன் கொள்ளளவு படிப்படியாகக் குறைவது இயல்பு. வெப்பம் அக்குறைவை விரைவுபடுத்தும். முன்னாளில் தாழ்ப்பாளை நீக்கிப் பழையதை எடுத்துப் புதியதைச் செருகினோம். பசையால் ஒட்டிய பாட்டரியை மாற்றுவதற்கோ தேர்ந்த கை வேண்டும். மூன்றாவது, நினைவகம். செருகுமிடம் இருந்தால் குறைவானதை எளிதில் கூட்டலாம். பற்றவைத்திருந்தால், வாங்கிய அன்று இருந்த அளவே இறுதிவரை.

நம் நாட்டில் இது சிறு செய்தியன்று. இங்கே பல குடும்பங்களில் மடிக்கணினி கடன் வாங்கியோ சேமிப்பைக் கரைத்தோ வாங்கப்படுவது. அண்ணன் படித்து முடித்த பின் தங்கைக்கு அது செல்ல வேண்டும். தில்லியின் நேரு பிளேஸிலும் பெங்களூரின் எஸ்.பி. சாலையிலும் சென்னையின் ரிச்சி தெருவிலும் பழுதான கருவிகளுக்கு உயிர் கொடுக்கும் திறமைசாலிகள் பலர் உள்ளனர். எனினும் உதிரிப்பாகம் கிடைக்காதபோது திறமை மட்டும் என்ன செய்யும்?

அரசுகளும் இதனைக் கருதத் தொடங்கியுள்ளன. பிரான்ஸ் நாடு 2021 முதல் மடிக்கணினி உள்ளிட்ட சில பொருள்களுக்கு, பழுதுபார்க்கும் எளிமையைப் பத்துக்கு இத்தனை என்று மதிப்பிட்டு, அம்மதிப்பை விற்கும்போதே அறிவிக்கச் செய்தது. நம் நடுவண் அரசின் நுகர்வோர் துறை 2022 டிசம்பரில் பழுதுபார்க்கும் உரிமைக்கென ஓர் இணையவாயிலைத் தொடங்கியது. 2021-இல் அமெரிக்காவின் 'பிரேம்வொர்க்' நிறுவனம் 1.3 கிலோ எடையில், பாட்டரி, நினைவகம், திரை, விசைப்பலகை அனைத்தையும் உரிமையாளரே மாற்றத்தக்க மடிக்கணினியை வெளியிட்டது. மெலிவும் வலிவும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பது இதனால் விளங்கும்.

ஆகவே, வாங்குமுன் சில கேள்விகளைக் கேட்போம். பாட்டரி திருகாணியால் பொருத்தியதா, பசையால் ஒட்டியதா? மாற்றுப் பாட்டரி நம் ஊரில் கிடைக்குமா, விலை என்ன? நினைவகத்தைக் கூட்ட இடமுண்டா? வெப்பக் காற்று எவ்வழியே வெளியேறுகிறது? அடிப்பக்கத்தில் துளைகள் இருந்தால் மெத்தைமேல் வைத்து இயக்கலாகாது. திரையை மெல்லத் திறந்து மூடிக் கீலின் உறுதியைப் பார்ப்போம். ஒரு பக்கமேனும் தட்டெழுதிப் பார்ப்போம். வாங்கிய பின்னும் ஓர் எச்சரிக்கை வேண்டும்: அடிப்பாகமோ தொடுபலகையோ உப்பினால் பாட்டரி வீங்கியிருக்கலாம். உடனே இயக்கத்தை நிறுத்தி, அதைக் குத்தாமலும் அழுத்தாமலும் பழுதுபார்ப்போரிடம் சேர்ப்பித்தல் நன்று.

பானையைத் தட்டிப் பார்க்கும் முறையை நம் மூத்தோர் அனுபவத்தால் கண்டனர். மடிக்கணினிக்கு அத்தகைய ஒலி இல்லை. அதன் விரிசலை அறிய நாம் கேட்கும் கேள்விகளே வழி. வாங்குவோர் பலரும் இவற்றைக் கேட்கத் தொடங்கினால், விற்போரும் செய்வோரும் விடை சொல்லியே ஆகவேண்டும்.