குந்த முடியுமா, ஓட முடியுமா?

ஒரு நாற்காலி, ஒரு மாடிப்படி, ஓடிப் பார்க்கக் கொஞ்சம் இடம், கூர்ந்து கவனிக்கும் ஒரு பிசியோதெரபிஸ்ட். ஹீமோபிலியா உள்ளவர்களின் உடல் எவ்வளவு தூரம் இயங்குகிறது என்று அளக்கும் ஒரு சோதனைக்கு இவ்வளவு இருந்தால் போதும். வேலூர் சி.எம்.சி. மருத்துவக் குழுவினர் உருவாக்கி, 2005இல் ஆய்விதழில் வெளியிட்ட சோதனை அது. ‘ஃபங்ஷனல் இண்டிபெண்டன்ஸ் ஸ்கோர் இன் ஹீமோபிலியா’ என்பது அதன் முழுப்பெயர். மருத்துவர்கள் சுருக்கமாக ‘ஃபிஷ்’ என்கிறார்கள். உலக ஹீமோபிலியா கூட்டமைப்பு தொகுத்துத் தரும் அளவுகோல்களில் இன்று அதுவும் ஒன்று.

ரத்தம் உறையாத நோய்க்கும் மாடிப்படிக்கும் என்ன தொடர்பு? பலருக்கும் ஹீமோபிலியா என்றவுடன் வெட்டுக்காயமும் நிற்காத ரத்தமும்தான் நினைவுக்கு வரும். ஆனால், இந்த நோய் வாழ்க்கையை முடக்குவது பெரும்பாலும் வெளியே தெரியாத இடத்தில், மூட்டுகளுக்குள்.

மூட்டுக்குள் நடப்பது என்ன?

ரத்தம் உறைய உதவும் 8ஆம் காரணி குறைந்தால் ஹீமோபிலியா ஏ. 9ஆம் காரணி குறைந்தால் ஹீமோபிலியா பி. ‘ஏ’ வகை ஏறத்தாழ 5,000 ஆண் குழந்தைகளில் ஒருவருக்கு வருகிறது. ‘பி’ அதைவிட அரிது. காரணியின் அளவு இயல்பில் ஒரு சதவீதத்துக்கும் கீழே இருந்தால் அது தீவிர நிலை. அப்போது அடி எதுவும் படாமலே உள்ளுக்குள் ரத்தம் கசியும். அந்தக் கசிவுகளில் பெரும்பங்கு மூட்டுகளில்தான், அதிலும் முழங்கால், கணுக்கால், முழங்கை ஆகியவற்றில்தான் ஏற்படுகிறது.

கசிந்த ரத்தத்தில் உள்ள இரும்பு, மூட்டின் உட்புறச் சவ்வில் தங்கி அழற்சியை உண்டாக்குகிறது. சவ்வு தடித்து, அதில் புதிய ரத்தக்குழாய்கள் முளைக்கின்றன. அவை எளிதில் உடைபவை என்பதால், அதே மூட்டில் மறுபடியும் கசிகிறது. ஒரே மூட்டில் ஆறு மாதத்துக்குள் மூன்று முறையோ அதற்கு மேலோ தானாகக் கசிந்தால், அதை ‘இலக்கு மூட்டு’ என்கிறார்கள். நாளாக ஆக குருத்தெலும்பு தேய்கிறது, முழங்கால் முழுதாக நீள மறுக்கிறது, கணுக்கால் இறுகுகிறது, சுற்றியுள்ள தசை மெலிகிறது.

எதை அளப்பது?

எத்தனை முறை ரத்தம் கசிந்தது என்று எண்ணினால் போதாதா? போதாது என்பதை 2007இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. சிறுவர்கள் 65 பேரில் ஒரு பிரிவினருக்குக் கசிவு வருமுன்பே தொடர்ந்து காரணி கொடுத்தார்கள். இன்னொரு பிரிவினருக்குக் கசிந்த பிறகு கொடுத்தார்கள். ஆறு வயதில் எம்.ஆர்.ஐ. எடுத்தபோது முதல் பிரிவில் 93 சதவீதத்தினரின் மூட்டுகள் கெடாமல் இருந்தன; இரண்டாம் பிரிவில் 55 சதவீதம்தான். இதில் இன்னொரு செய்தியும் இருந்தது. கசிவு எதுவும் கண்ணுக்குத் தெரியாத சில மூட்டுகளிலும் சேதம் இருந்தது.

அப்படியானால் எம்.ஆர்.ஐ. போதுமா? அது மூட்டின் நிலையைச் சொல்லும். அந்த மூட்டை வைத்துக்கொண்டு ஒருவர் எப்படி வாழ்கிறார் என்பதைச் சொல்லாது. எக்ஸ்ரேயில் ஒன்றுபோல் தேய்ந்த முழங்கால் கொண்ட இருவரில் ஒருவர் பேருந்தில் தாவி ஏறுவார். மற்றவர் கைப்பிடியை இறுகப் பற்றிக்கொண்டு, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் ஊன்றி ஏறுவார். உலக சுகாதார நிறுவனம் 2001இல் வெளியிட்ட வகைப்பாடு, உடலின் உறுப்புகள், மனிதர் செய்யும் செயல்கள், சமூக வாழ்வில் அவரது பங்கேற்பு என்று மூன்றையும் தனித்தனியே பார்க்கச் சொல்வது இதனால்தான்.

இவற்றில் முதலாவதான உறுப்பின் நிலையை அளக்க ‘ஹீமோபிலியா மூட்டு நல மதிப்பெண்’ இருக்கிறது. இரு முழங்கை, இரு முழங்கால், இரு கணுக்கால் ஆகிய ஆறு மூட்டுகளிலும் வீக்கம், வலி, தசை மெலிவு, மடக்க நீட்ட முடிகிற அளவு, வலு போன்றவற்றைச் சோதித்து, நடையையும் சேர்த்து 0 முதல் 124 வரை மதிப்பிடுவார்கள். இதில் எண் கூடக்கூடப் பாதிப்பு அதிகம். செயல்களைக் கேட்டறிய நெதர்லாந்தில் உருவான ‘ஹால்’ என்ற 42 கேள்விகள் கொண்ட பட்டியல் உண்டு. மண்டியிடுவது, வீட்டு வேலை, பயணம், விளையாட்டு என்று ஒவ்வொன்றிலும் எவ்வளவு சிரமம் என்பதை நோயாளியே குறிப்பார்.

செய்து காட்டுங்கள்

வேலூர் அளவுகோல் இங்கேதான் மாறுபடுகிறது. அது கேட்பதில்லை, செய்யச் சொல்லிப் பார்க்கிறது. சாப்பிடுவதும் தலைவாருவது போன்ற ஒப்பனையும் சேர்ந்து ஒரு செயல். குளிப்பது, உடை உடுத்துவது, நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, குந்தி எழுவது, நடப்பது, மாடிப்படி ஏறுவது, ஓடுவது ஆகியவை மற்றவை. ஆக எட்டுச் செயல்கள். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 4 வரை மதிப்பெண். மொத்தம் 8 முதல் 32 வரை வரும்.

செய்யவே முடியாவிட்டால் 1. இன்னொருவர் கைகொடுத்தோ, ஊன்றுகோல் போன்ற துணையோடோ செய்தால் 2. யார் உதவியும் இல்லாமல் செய்கிறார், ஆனால் நோயற்றவர் செய்வதுபோல் இல்லை என்றால் 3. எந்தச் சிரமமும் இல்லையென்றால் 4. இதில் நுட்பமான இடம் மூன்றுக்கும் நான்குக்கும் நடுவில் இருக்கிறது. சிறுவயது முதல் முழங்கை நீளாமல் வளர்ந்தவர், கழுத்தைத் தாழ்த்திக் கவளத்தை வாய்க்குக் கொண்டுபோகப் பழகியிருப்பார். ‘சாப்பிடச் சிரமம் உண்டா?’ என்று கேட்டால், ‘இல்லையே’ என்பார். பொய் சொல்லவில்லை, அவருக்குத் தெரிந்த சாப்பிடும் விதமே அதுதான். நேரில் பார்ப்பவருக்குத்தான் அது நான்கு அல்ல, மூன்று என்று தெரியும்.

பட்டியலில் குந்துவது இருப்பதையும் கவனிக்க வேண்டும். நாற்காலியிலும் மேற்கத்தியக் கழிப்பறையிலும் வாழ்க்கை நடக்கிற நாட்டில் குந்த முடியாதது பெரிய குறையாகத் தெரியாது. நம் ஊரில் கழிப்பறைக்குப் போவதற்கும், தரையில் உட்கார்ந்து சாப்பிடுவதற்கும், வயல் வேலைக்கும் முழங்காலும் கணுக்காலும் முழுதாக மடங்கியாக வேண்டும். இந்த ஒரு செயலை விட்டுவிட்டு அளந்தால், பள்ளிக் கழிப்பறையைத் தவிர்ப்பதற்காக நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் இருக்கும் பையனும் ‘நன்றாக இருக்கிறான்’ என்றே பதிவாவான். எதைக் கேட்கிறோமோ அதுதான் அளவில் தெரியும்.

முழு மதிப்பெண்ணின் சிக்கல்

இந்த அளவுகோலுக்கும் எல்லை உண்டு. மூட்டு ஏற்கெனவே கெட்டவர்களிடம் ஏற்ற இறக்கத்தை நன்றாகக் காட்டுகிறது. சிறு வயதிலேயே தடுப்பு மருந்து கிடைத்த பிள்ளையோ எட்டிலும் நான்கு வாங்கி 32இல் நின்றுவிடுவான். கணுக்காலில் சேதம் தொடங்கியிருந்தாலும் எண் அசையாது. அங்கே மூட்டு நல மதிப்பெண்ணும் அல்ட்ராசவுண்டும் தேவைப்படுகின்றன. ஒரே அளவுகோலை நம்பாமல் இரண்டு மூன்றைச் சேர்த்துப் பயன்படுத்துவதே இன்றைய நடைமுறை.

சோதிக்கும் நேரமும் முக்கியம். ரத்தம் கசிந்து வீங்கிய மூட்டோடு ஒருவரை ஓடவோ குந்தவோ சொல்லக் கூடாது. கசிவு அடங்கி, மூட்டு தேறிய பிறகே மதிப்பிட வேண்டும். குறைந்தது ஆண்டுக்கு ஒருமுறை, ஒரே முறையில் செய்து, எண்ணைக் கோப்பில் எழுதினால்தான் போன ஆண்டோடு ஒப்பிட முடியும். அடுத்த சோதனைக்கு முன்பே பெற்றோர் கண்ணில் சில மாற்றங்கள் படும். படி இறங்கும்போது எப்போதும் ஒரே காலை முன்வைப்பது, தரையில் உட்காராமல் திண்ணையைத் தேடுவது, விளையாட்டில் கோல்கீப்பராகவே நிற்க விரும்புவது. இவற்றைச் சோம்பல் என்று விட்டுவிடாமல் சிகிச்சை மையத்தில் சொல்ல வேண்டும்.

மருத்துவம் வேகமாக மாறிவருகிறது. தோலுக்கடியில் போடும் எமிசிசுமாப் ஊசி 2017இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. 2024 டிசம்பரில் வேலூர் மருத்துவர்களின் மரபணு சிகிச்சை முடிவுகள் வெளியாயின. பங்கேற்ற ஐவருக்கும் அதன்பின் ரத்தக் கசிவு இல்லை. கசிவு எண்ணிக்கை பூஜ்யத்தை நெருங்கும் காலத்தில், ஒரு மருந்து இன்னொன்றைவிட மேலானதா என்பதை அந்த எண்ணிக்கையைக் கொண்டு சொல்வது கடினமாகும். கசிவு நின்றாலும், முன்பே தேய்ந்த குருத்தெலும்பு திரும்பி வராது.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, ஹீமோபிலியாவையும் தன் 21 வகைகளில் ஒன்றாகச் சேர்த்துள்ளது. உரிமை கேட்கவும், பிசியோதெரபி கேட்கவும், விலை உயர்ந்த மருந்தின் பலனை அரசிடம் எடுத்துச் சொல்லவும் ஆண்டுவாரியாகப் பதிவான செயல்திறன் மதிப்பெண் வலுவான சான்று. அதைப் பெறப் பெரிய இயந்திரம் எதுவும் வேண்டாம். பயிற்சி பெற்ற பிசியோதெரபிஸ்டும், எட்டுச் செயல்களைப் பொறுமையாகப் பார்க்கும் நேரமும் ஒவ்வொரு சிகிச்சை மையத்திலும் இருந்தால் போதும்.