சனிக்கிழமை சம்பளம், ஞாயிற்றுக்கிழமை சுரங்க ரயில்

ஒரு நாள் லீவுகூடப் போடாமல், இருவருக்கும் சேர்த்து மூவாயிரம் ரூபாய்க்குள் சென்னை மெட்ரோவைச் சுற்றிப் பார்க்கத் திருப்பூர் தம்பதிகளுக்கு ஒரு வழிகாட்டி

திருப்பூரில் ‘சப்வே’ என்றால் தண்டவாளத்துக்கு அடியில் வண்டிகள் நுழைந்து போகும் பாதை. மழை பெய்தால் தண்ணீர் தேங்கி, சுற்றிக்கொண்டு போகவேண்டியிருக்கும். உலகின் சில பெரிய நகரங்களில் அதே சொல்லுக்கு வேறு பொருள்: மண்ணுக்கு அடியில் ஓடும் ரயில். லண்டனில் 1863 ஜனவரியில் தொடங்கிய அந்த ரயில், சென்னைத் தரைக்குக் கீழே 2017 மே மாதம் ஓடத் தொடங்கியது. அதைப் பார்ப்பதற்கென்றே ஊர் போய்வர ஆசைப்படும் கணவன் மனைவிகள் பனியன் கம்பெனிகளிலும் இருக்கிறார்கள். ஆசையைச் சொன்னதும் வரும் முதல் கேள்வி, எவ்வளவு செலவாகும் என்பதுதான். இரண்டாவது கேள்வி, எத்தனை நாள் லீவு போடவேண்டும்.

ஒன்றரை ஷிப்ட் ஓடும் வாரங்களில் கணவர் கட்டிங்கிலும் மனைவி செக்கிங்கிலும் நின்றால், வீட்டில் இருவரும் ஒன்றாக உட்காரும் நேரம் மிகக் குறைவு. அப்படிப்பட்டவர்களுக்குப் பெரிய நகரப் பயணம் என்பது பணக்காரர் சமாச்சாரமாக இருக்கக் கூடாது. திட்டமிடும் முறையைக் கொஞ்சம் மாற்றினால் போதும், அது கைக்குள் அடங்கிவிடும். வழக்கமாக நாம் பார்க்கவேண்டிய இடங்களை முதலில் எழுதிக்கொண்டு, பிறகு வண்டிக்கு அலைகிறோம். பணம் கரைவது அந்த அலைச்சலில்தான். ரயிலையே பார்க்கவேண்டிய பொருளாக வைத்து, ஸ்டேஷன் வாசலிலிருந்து நடந்து போகக்கூடிய இடங்களை மட்டும் சேர்த்துக்கொண்டால் ஆட்டோச் செலவு ஏறக்குறைய இல்லாமல் போகும்.

எந்த ஊர்?

மேற்கே போனால் கொச்சி மெட்ரோ இருக்கிறது. 2017 ஜூனில் தொடங்கியது. ஆலுவாவில் ரயிலை விட்டு இறங்கினால் மெட்ரோ ஸ்டேஷன் பக்கத்திலேயே. 2023 முதல் காயலில் ஓடும் வாட்டர் மெட்ரோவும் உண்டு. அழகான ஊர்தான், ஆனால் இப்போது ஓடும் பாதை முழுவதும் தூண்கள்மேல் போகிறது. சுரங்கத்தைத் தேடிப் போகிறவர்கள் ஏமாந்து திரும்புவார்கள்.

பெங்களூரில் 2011 முதல் மெட்ரோ ஓடுகிறது. கப்பன் பூங்கா, விதான சௌதா, மெஜஸ்டிக் எல்லாம் மண்ணுக்கு அடியில் இருக்கும் ஸ்டேஷன்கள். ஆனால் 2025 பிப்ரவரியில் கட்டணம் உயர்ந்து, அதிகபட்சம் 90 ரூபாய் ஆகிவிட்டது.

சென்னையில் குறைந்த கட்டணம் 10 ரூபாய், அதிகபட்சம் 50. 2021 பிப்ரவரிவரை 70 ஆக இருந்ததைக் குறைத்தார்கள். முதல் கட்டத்தில் இருக்கும் இரண்டு வழித்தடங்களின் நீளம் 54 கிலோமீட்டர். அதில் பாதியளவு சுரங்கத்தில் போகிறது. நமக்கு இரவு ரயில் நேராக சென்ட்ரல் வாசலில் கொண்டுபோய் விடுகிறது, மெட்ரோ அந்த வாசலுக்கு அடியிலேயே இருக்கிறது. எனவே முதல் பயணத்துக்கு சென்னைதான் சரி.

பக்கத்தில் கோயம்புத்தூரிலேயே மெட்ரோ வந்திருந்தால் இந்தக் கணக்கே தேவைப்பட்டிருக்காது. அவிநாசி ரோடு, சத்தி ரோடு என இரண்டு வழித்தடங்களில் 39 கிலோமீட்டருக்கு மாநில அரசு அனுப்பிய திட்டத்தை, மக்கள்தொகை 20 லட்சத்தை எட்டவில்லை என்று சொல்லி மத்திய அரசு 2025 நவம்பரில் திருப்பி அனுப்பியது. கொங்கு மண்டலத்துப் பிள்ளைகள் மெட்ரோவைப் பார்க்க இப்போதைக்கு ரயில் ஏறித்தான் ஆகவேண்டும்.

எந்த நாள்?

தீபாவளி, பொங்கல் விடுமுறையை ஒதுக்கிவிடுங்கள். ஊரே காலியாகும் அந்த நாட்களில் ரயிலிலும் இடம் கிடைக்காது, பஸ் கட்டணமும் ஏறிக் கிடக்கும். சாதாரண சனிக்கிழமைதான் நல்ல நாள். அதற்கு ஒரு காரணம் உண்டு. சென்னையில் வேலை பார்க்கும் நம் பக்கத்து ஆட்கள் வெள்ளி இரவு ஊருக்கு வருவார்கள், ஞாயிறு இரவு சென்னைக்குத் திரும்புவார்கள். சனி இரவு சென்னைக்குப் போய் ஞாயிறு இரவு திருப்பூர் வரும் தம்பதிகள் அந்தக் கூட்டத்துக்கு எதிர்த்திசையில் போகிறார்கள். டிக்கெட் கிடைக்கும் வாய்ப்பு பொதுவாகக் கூடுதல்.

சனிக்கிழமை மாலை சம்பளம் வாங்கி, வீட்டுக்குப் போய்க் குளித்துச் சாப்பிட்டுக் கிளம்பினாலும் நேரம் போதும். நீலகிரி எக்ஸ்பிரஸும் சேரன் எக்ஸ்பிரஸும் இரவு பத்தரைக்கு மேல் திருப்பூரைத் தொட்டுப் போகின்றன. இரண்டும் காலை ஏழு மணி சுமாருக்குள் சென்ட்ரலில் நிற்கும். திரும்பும்போது நீலகிரி இரவு 9 மணியையொட்டியும், சேரன் 10 மணியையொட்டியும் சென்ட்ரலை விடும். திங்கள் விடிவதற்குள் திருப்பூரில் இறங்கிவிடலாம். சேரன் கோவைவரை போகிற வண்டி என்பதால் போனில் அலாரம் வைத்துக்கொண்டு படுங்கள். அசந்து தூங்கினால் கோவை போய்த்தான் திரும்ப வேண்டியிருக்கும்.

முன்பதிவு 60 நாள் முன்பே திறக்கிறது. 2024 நவம்பருக்கு முன் இது 120 நாளாக இருந்தது. ஸ்லீப்பர் கட்டணம் ஒருவருக்கு ஒரு வழிக்கு 300 ரூபாய்க்குச் சற்று மேல். தட்கலை நம்பிக் கிளம்பினால் கட்டணமும் கூடும், கிடைக்கும் என்ற உறுதியும் இல்லை. இரண்டு இரவும் ரயிலிலேயே தூங்கிவிடுவதால் ரூம் வாடகை மிச்சமாகிறது. இந்தப் பயணம் மலிவாவதற்கு முதல் காரணம் இதுதான்.

டிக்கெட் எப்படி எடுப்பது?

கவுன்டரில் வரிசையில் நிற்காமல், போனில் க்யூஆர் டிக்கெட் எடுத்தால் கட்டணத்தில் 20 சதவீதம் குறைகிறது. வாட்ஸ்ஆப் வழியாகவும், பணம் செலுத்தும் செயலிகள் வழியாகவும் எடுக்கலாம். 2025 செப்டம்பரில் வந்த ‘சென்னை ஒன்’ செயலியில் மாநகரப் பேருந்து, புறநகர் ரயில், மெட்ரோ மூன்றுக்கும் ஒரே இடத்தில் டிக்கெட் கிடைக்கிறது. சாதாரணக் கட்டண மாநகரப் பேருந்தில் மனைவிக்கு டிக்கெட்டே வேண்டாம். 2021 முதல் மகளிருக்கு இலவசம்.

ரயில் பிரியர்கள் ஒன்றை நினைவில் வைக்கவேண்டும். ஒரு டிக்கெட்டில் உள்ளே இருக்க நேர வரம்பு உண்டு. பத்து ரூபாய் டிக்கெட்டோடு நாள் முழுக்க உள்ளேயே சுற்ற முடியாது. இடையிடையே வெளியே வந்து, புது டிக்கெட் எடுத்துப் போகும்படி திட்டமிடுங்கள். கீழே உள்ள வழி அப்படி அமைந்ததுதான்.

ஒரு நாள், ஒரு வட்டம்

சென்னை மெட்ரோவுக்கு ஒரு தனிச்சிறப்பு இருக்கிறது. நீல வழித்தடமும் பச்சை வழித்தடமும் சென்ட்ரலில் சந்திக்கின்றன, பிரிந்து போய் ஆலந்தூரில் மறுபடி சந்திக்கின்றன. ஒன்றில் போய் இன்னொன்றில் திரும்பினால் ஊரை ஒரு வட்டம் அடித்துவிடலாம்.

காலையில் சென்ட்ரல் காத்திருப்பு அறையில் முகம் கழுவி, பைகளைக் க்ளோக் ரூமில் போட்டுவிட்டு வெளியே வாருங்கள். 1873இல் எழுந்த சிவப்பு ஸ்டேஷனையும், அதன் பக்கத்தில் 1913இல் திறந்த வெள்ளை ரிப்பன் மாளிகையையும் நின்று பாருங்கள். பிறகு கீழே இறங்கி, நீல வழித்தடத்தில் மண்ணடிக்குப் போங்கள். தம்புச் செட்டித் தெரு காளிகாம்பாள் கோவிலைக் கும்பிட்டு, உயர் நீதிமன்றம் பக்கம் நடக்கலாம். 1892இல் கட்டி முடித்த அந்தச் சிவப்புக் கோபுரங்கள் ஞாயிற்றுக்கிழமை கூட்டமில்லாமல் அமைதியாக நிற்கும்.

உயர் நீதிமன்ற ஸ்டேஷனில் ஏறி, சென்ட்ரலில் பச்சைக்கு மாறி, எழும்பூரில் இறங்குங்கள். 1851இல் தொடங்கிய அரசு அருங்காட்சியகம் அங்கே இருக்கிறது. வெள்ளிக்கிழமைதான் விடுமுறை, ஞாயிறு திறந்திருக்கும். மற்றக் கூடங்களுக்கு நேரம் இல்லாவிட்டாலும் சோழர் காலச் செப்புத் திருமேனிகளை விட்டுவிடாதீர்கள்.

மதியம் எழும்பூரிலிருந்து வடபழனிக்கு டிக்கெட் எடுங்கள். நாளின் நல்ல பயணங்களில் இது ஒன்று. நேரு பூங்கா, கீழ்ப்பாக்கம், ஷெனாய் நகர், அண்ணா நகர் எல்லாம் இருட்டுக்குள் கடந்து போகும். திருமங்கலம் தாண்டியதும் பாதை மேலேறும். சுரங்கச் சுவர் சாம்பலாக வெளுத்து, ஒரே நொடியில் வெயில் பெட்டிக்குள் கொட்டும், கோயம்பேடு கண்முன் விரியும். ஜன்னல் பக்கம் மனைவியை உட்காரச் சொல்லுங்கள். வடபழனியில் சாப்பாட்டை முடித்துக்கொண்டு, மறுபடி ஏறி ஆலந்தூரில் நீல வழித்தடத்துக்கு மாறுங்கள். சின்னமலைக்கும் சைதாப்பேட்டைக்கும் இடையில் ரயில் மீண்டும் மண்ணுக்குள் இறங்கும். அண்ணா சாலைக்கு அடியிலேயே வந்து அரசினர் தோட்டத்தில் வெளியேறுங்கள். வாலாஜா சாலை வழியே இருபது நிமிடம் நடந்தால் மெரினா. சுண்டலுக்கும் காற்றுக்கும் மாலை முழுவதும் இருக்கிறது.

இரவு அரசினர் தோட்டத்திலிருந்து சென்ட்ரலுக்கு ஒரே ஸ்டேஷன்தான். அந்தச் சில நிமிடத்தில் ரயில் கூவம் ஆற்றுக்கு அடியில் போகிறது. வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. தலைக்குமேல் ஆறு ஓடுகிறது என்று தெரிந்து உட்கார்ந்திருப்பதில்தான் அந்தப் பயணத்தின் சுகம்.

சுரங்கத்தில் எதைக் கவனிப்பது?

சுரங்க ஸ்டேஷன்களில் நடைமேடை விளிம்பு முழுவதும் கண்ணாடித் தடுப்பு இருக்கும். ரயில் சரியான இடத்தில் நின்றபிறகே ரயில் கதவும் தடுப்புக் கதவும் சேர்ந்து திறக்கும். ஆள் தவறி விழாமல் காப்பது ஒரு பயன், குளிர்சாதனக் காற்று சுரங்கத்துக்குள் வீணாகப் போகாமல் தடுப்பது இன்னொன்று. மேலே தூண்கள்மேல் இருக்கும் ஸ்டேஷன்களில் இந்த முழுத் தடுப்பு இல்லை. இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

சுரங்கத்தின் சுவர் முன்பே வார்த்த கான்கிரீட் துண்டுகளால் ஆனது. ராட்சத இயந்திரம் ஒன்று மண்ணைக் குடைந்துகொண்டே முன்னே நகர, அதன் பின்னாலேயே துண்டுகளை வளையம் வளையமாகப் பூட்டிக்கொண்டு போவார்கள். பனியன் துணியை வட்டப் பின்னல் இயந்திரம் சுற்றுச் சுற்றாகப் பின்னி இறக்குவதைத் தினமும் பார்க்கும் கண்களுக்கு இந்த வேலையின் அருமை சட்டென்று புரியும்.

சென்ட்ரலில் இரண்டு வழித்தடங்களின் நடைமேடைகளும் வெவ்வேறு ஆழங்களில் இருக்கின்றன. ஆலந்தூரில் அதே இரண்டும் தரைக்கு மேலே ஒன்றின்மேல் ஒன்றாக இருக்கின்றன. எஸ்கலேட்டரில் அவசரமில்லாமல் ஏறி இறங்கினால் இந்த அமைப்பு விளங்கும்.

செலவுக் கணக்கு

இருவருக்கும் சேர்த்து, போகவர ஸ்லீப்பர் டிக்கெட் சுமார் 1,300 ரூபாய். மேலே சொன்ன ஐந்து மெட்ரோ பயணங்களுக்கு அதிகம் போனால் 300. மூன்று வேளைச் சாப்பாடு, டீ, சுண்டல் எல்லாம் 900. க்ளோக் ரூம், அருங்காட்சியகம், தண்ணீருக்கு 200. மொத்தம் 2,700 ரூபாய். கையில் 300 ரூபாயைத் தனியாக வைத்துக்கொண்டால் கணக்கு மூவாயிரத்தில் முடியும்.

ஓர் இரவு தங்க விரும்பினால் எழும்பூர் ஸ்டேஷனுக்கு எதிரே கென்னட் லேன் பக்கம் பாருங்கள். நடந்து வந்தால் மெட்ரோ. ஊருக்கு வெளியே வாடகை குறைவு என்று ரூம் எடுத்தால், மிச்சம் பிடித்தது ஆட்டோவில் போய்விடும். இருவரின் ஆதார் அட்டையும் கையில் இருக்கட்டும். தி.நகருக்கு மெட்ரோ இன்னும் வரவில்லை. 118.9 கிலோமீட்டர் இரண்டாம் கட்டத்தில்தான் பனகல் பூங்கா ஸ்டேஷன் வருகிறது. அதுவரை கிண்டியில் மெட்ரோவை விட்டு, புறநகர் ரயிலில் மாம்பலம் போவதே மலிவு.

அடுத்தது கொல்கத்தா

சென்னை பிடித்துப்போனால் அடுத்த ஆண்டுக்கு ஒரு கனவை வைத்துக்கொள்ளுங்கள். இந்தியாவின் முதல் மெட்ரோ 1984 அக்டோபர் 24 அன்று கொல்கத்தாவில், எஸ்பிளனேடுக்கும் பவானிபூருக்கும் இடையே 3.4 கிலோமீட்டர் ஓடியது. இன்று அங்கே கட்டணம் 5 ரூபாயில் தொடங்குகிறது. ஹவுரா ஸ்டேஷனுக்கு அடியில் இறங்கி மெட்ரோ ஏறினால், ஹூக்ளி ஆற்றுக்கு அடியில் 520 மீட்டரை முக்கால் நிமிடத்தில் கடந்து மறுகரை சேரலாம். 2024 மார்ச்சில் அந்தப் பாதை திறந்தது. சென்னையிலிருந்து ஹவுரா மெயிலில் ஒரு நாளுக்கு மேல் ஆகும் என்பதால், போகவரச் சேர்த்து ஒரு வார விடுமுறை வேண்டும். மேற்கு வங்கத்திலிருந்து வந்து நம் கம்பெனிகளில் தைக்கும் தோழர்களிடம் கேளுங்கள். எங்கே தங்குவது, எங்கே சாப்பிடுவது என்று அவர்கள் சொல்லித் தருவார்கள். ஊரைப் பற்றி யாராவது ஆசையோடு கேட்கிறார்கள் என்பதே அவர்களுக்கும் ஒரு சந்தோஷம்.

தையல் ஹாலில் பவர் டேபிள்கள் ஓடும்போது பக்கத்தில் இருப்பவரிடமும் சத்தம் போட்டுத்தான் பேசவேண்டும். ஞாயிற்றுக்கிழமை மெட்ரோவில் அந்தச் சிரமம் இல்லை. ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் இரண்டு நிமிடம், தோள் உரசி உட்கார்ந்து மெல்லப் பேசிக்கொண்டே போகலாம். காலண்டரை எடுத்து, இன்றிலிருந்து அறுபது நாளுக்குள் வரும் ஒரு சனிக்கிழமையை இருவரும் சேர்ந்து வட்டம் போடுங்கள். டிக்கெட்டை இன்றே போடுங்கள்.