பஞ்சைப் பார், பெயரைச் சொல்!



பர்கருக்குள் பச்சையாக வைக்கிறார்களே, லெட்டூஸ் கீரை, அதற்குக் காட்டுச் சொந்தங்கள் நிறைய உண்டு. வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில், அந்த மண்ணுக்கே உரிய சில காட்டு லெட்டூஸ்கள் ஆள் உயரத்தையும் தாண்டி வளர்கின்றன. எல்லாம் சூரியகாந்திக் குடும்பத்துச் செடிகள். கிள்ளினால் பால் வடியும். பார்த்தால் ஒன்றுபோலவே இருக்கும். பிறகு எப்படி அடையாளம் காண்பது?

இலையை மட்டும் நம்பினால் ஏமாந்துவிடுவோம். கனடா லெட்டூஸையே எடுத்துக்கொள்வோம். ஒரு செடியின் இலையில் வெட்டே இருக்காது. பக்கத்திலேயே நிற்கும் அதே இனச் செடியின் இலை, நடுநரம்பு வரை ஆழமாக வெட்டுப்பட்டிருக்கும்!

அதனால் முதலில் பூவைப் பாருங்கள். கனடா லெட்டூஸின் பூ மஞ்சள். ஆனால் வெளியிலிருந்து வந்து பரவிய முள் லெட்டூஸும் மஞ்சளாகத்தான் பூக்கும். இப்போது இலையைத் திருப்பிப் பாருங்கள். அடிப்பக்க நடுநரம்பில் வரிசையாக முள் இருந்தால் அது முள் லெட்டூஸ். நாம் சாப்பிடும் லெட்டூஸுக்கு மூதாதை அதுதான். கனடா லெட்டூஸின் நடுநரம்பில் பெரும்பாலும் முள் இருக்காது. சந்தேகம் தீரவில்லையா? விதையை உருப்பெருக்கியில் வைத்துப் பாருங்கள். கனடா லெட்டூஸ் விதையின் ஒவ்வொரு பக்கத்திலும் ஒரே ஒரு கோடு எடுப்பாகத் தெரியும். முள் லெட்டூஸ் விதையில் பல கோடுகள் ஓடும்.

பூ நீலமாக இருந்தால்? அங்கே இரண்டு இனங்கள் குழப்பும். ஒன்று புளோரிடா லெட்டூஸ், மற்றொன்று நெடிய நீல லெட்டூஸ். இரண்டுமே சில சமயம் வெளிறி வெள்ளையாகவும் பூப்பதால், பூவின் நிறம் மட்டும் போதாது. விதை முற்றும்வரை பொறுத்திருக்க வேண்டும். எருக்கம் விதையைப் போல இவற்றின் விதைகளும் பஞ்சைக் கட்டிக்கொண்டு காற்றில் பறக்கும். அந்தப் பஞ்சு தூய வெள்ளையாக இருந்தால் புளோரிடா லெட்டூஸ். பழுப்பாக இருந்தால் நெடிய நீல லெட்டூஸ்.

பூ, நடுநரம்பு, விதை, பஞ்சு என்று ஒன்றுக்கு மேற்பட்ட அடையாளங்களைச் சரிபார்த்த பிறகே தாவரவியலாளர்கள் ஒரு செடிக்குப் பெயர் சொல்கிறார்கள். உங்கள் தெருவோரச் செடிகளையும் அப்படியே பாருங்கள். பார்த்ததை நோட்டில் வரைந்து வையுங்கள். ஆனால் பெயர் உறுதியாகத் தெரியாத எந்தச் செடியையும் வாயில் வைக்காதீர்கள்!